ஈட்டி என்று விற்ற பலகை

ஆகஸ்ட் 2, திங்கள்

காலையில் வெயில். மத்தியானத்துக்கு மேல் ஈப்போ மழை, வழக்கம்போல. சிலிம் ரிவரிலிருந்து லாரி நனைந்துகொண்டு வந்தது. அங்கே மூடிப்போன ரப்பர் தோட்டம் ஒன்றில் பழைய ஸ்டோரைப் பிரித்திருக்கிறார்கள். தூண், சட்டம், கூரைக் கழி எல்லாவற்றையும் கிடங்கு முதலாளி தவுக்கே மொத்தமாக வாங்கிவிட்டார். பாதி விறகு. அடியில் தடித்த பலகைகள் கொஞ்சம். யாரோ நல்ல காரியத்துக்கென்று அறுத்து வைத்து மறந்துபோனவை. துடைத்தால் சிவப்பு, ஊடே கறுப்பு ரேகை. அழகு.

என்ன மரம் என்று தவுக்கே கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மரத்துக்குப் பேர் சொல்வதும் விலை சொல்வதும்தான் இந்தக் கிடங்கில் என் வேலை. அதற்குத்தான் சம்பளம்.

செய்ய வேண்டியவை: ரம்பத்துக்குப் புதுப் பட்டை. வீட்டில் ஆரோக்கியத்துக்கு இருமல் மருந்து. குடைக் கம்பி.

நாளை சித்தியவான் அந்தோணி அண்ணே வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஈட்டி மரம் கேட்பார். ஈட்டி இல்லை. மெட்ராஸ் கப்பலில் இந்த முறையும் வரவில்லை.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

மப்பு. புழுக்கம்.

அந்தோணி அண்ணே முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். கித்தார் செய்கிறவர். கோயில் பாட்டுக்காரர்களுக்கும் படக்கொட்டகை பாண்டுக்காரர்களுக்கும் செய்து கொடுக்கிறார். முன்பலகைக்குச் சீமை மரம் வரவழைத்துக்கொள்வார். முதுகுக்கும் பக்கத்துக்கும் ஈட்டி, அதை என் கையால்தான் வாங்குவார். "ஞானமுத்து தட்டிப் பாத்துச் சொன்னா நான் மறுபடி தட்டிப் பாக்கிறதில்ல" என்று எல்லோரிடமும் சொல்கிறவர். இன்றைக்கும் சொன்னார். கடையில் நாலு பேர் நின்றார்கள். ஸ்கூல் ஹெட்மாஸ்டர் ஒருவர், நாற்காலி வாங்க வந்த செட்டியார், இன்னும் யாரோ.

சிலிம் ரிவர் பலகையை நிமிர்த்தி, ஒரு முனையை விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் தட்டினேன். கணீரென்றது. நல்ல நேர் இழை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். "ஈட்டி" என்றேன். சத்தமாக.

அதற்கப்புறம்தான் பலகையைத் திருப்பி அடிமுனையைப் பார்த்தேன். அறுத்த முகத்தில் கறுப்பாய் வடிந்து காய்ந்த கோடுகள். ஈட்டியில் அப்படி வடியாது. ரெங்கஸ் என்கிற காட்டுமரத்தில் வடியும். அதன் பால் பட்டால் தோல் வெந்து போகும். காய்ந்த மரத்தின் தூள்கூடச் சிலருக்கு ஆகாது. இந்தக் கிடங்கில் ரெங்கஸ் வந்தால் ஆட்கள் கை வைக்கமாட்டார்கள். நான்தான் தூக்கிப் போடுவேன். எனக்கு ஒன்றும் செய்வதில்லை, பிறவியிலேயே அப்படி.

பார்த்தேன். தெரிந்தது. சுண்ணக்கட்டியை எடுத்து, அந்தக் கோடுகளின் மேலேயே பெரிதாக 'ஈட்டி' என்று எழுதினேன்.

ஏன்? ஹெட்மாஸ்டர் நின்றார், செட்டியார் நின்றார். அவ்வளவுதான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

அண்ணே சந்தோஷமாக ஏற்றிக்கொண்டு போனார். வருகிற ஞாயிறு மகள் லூர்துவைப் பெண் பார்க்க ஆயர் தாவாரிலிருந்து வருகிறார்களாம், நானும் வந்து கூட நிற்க வேண்டுமாம். சரி என்றேன்.

இருமல் மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, வியாழன்

மிச்சம் கிடந்த துண்டு ஒன்றை இழைத்துப் பார்த்தேன். ஈட்டி என்றால் இழைத்ததும் ஒரு இனிப்பு வாசனை வரும். வரவில்லை. பழசு, வாசனை போயிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்குத் தெரியாதா என்ன.

பழைய மரம், பல வருஷம் காய்ந்தது, ஒன்றும் ஆகாது. இதுவும் சொல்லிக்கொண்டேன்.

சித்தியவான் பஸ்ஸில் சொல்லி அனுப்பலாம் என்று பஸ் நிற்கிற இடம் வரை போனேன். 'அண்ணே, அந்தப் பலகையைத் தொட வேண்டாம்' என்று ஒரு வார்த்தை. பஸ்ஸில் தெரிந்தவர் யாரும் இல்லை. திரும்பிவிட்டேன்.

பொய் எழுதுகிறேன். தெரிந்தவர் இருந்தார். கண்டக்டர் மரியான் அந்தோணி அண்ணே வீட்டுக்கு நாலாவது வீடு. 'என்னண்ணே, சித்தியவானா?' என்று கூப்பிட்டான். சும்மா வந்தேன் என்றேன்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

சித்தியவான் போகவில்லை. ஆரோக்கியத்தின் இருமலைக் காரணம் வைத்துக்கொண்டேன். இருமல் நேற்றே நின்றுவிட்டது.

காலைப் பூசை. அதற்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு கிழவர், ஒரு நர்ஸம்மா. என் முறை வர ஒரே ஒருவர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். சாமியார் என்ன சொல்வார் என்று தெரியும். போய்ச் சொல் என்பார்.

மதியம் ஆட்டுக்கறி. ருசி தெரியவில்லை. தகரக் கூரையில் மழை.

ஆகஸ்ட் 10, செவ்வாய்

மரியான் கிடங்குக்கே வந்துவிட்டான். பஸ் ரிப்பேராம், நேரம் போகவில்லையாம். வந்த வாக்கில் சொன்னான்.

லூர்துக்கு முகமெல்லாம் வீங்கி, கொப்புளம் வெடித்து நீர் வடிகிறதாம். சனிக்கிழமை ஆரம்பித்தது. ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது மறைக்க முடியாதபடி ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா வாசலோடு நின்று, இன்னொரு நாள் வருகிறோம் என்று போய்விட்டாராம். அதற்குள் ஊரில் பேச்சு.

"பெரிய வியாதின்னு, குஷ்டம்னு சொல்லுறாங்கண்ணே. ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பாத்து அதெல்லாம் இல்லங்கிறாரு. யாரு கேக்கிறா? குடத்துல தண்ணி எடுக்கக்கூட அவங்க பக்கம் போறதில்ல லா."

அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போது நான் பலகை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணுவதுபோல் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 11, புதன்

தவுக்கேயிடம் லீவு கேட்டு, சித்தியவான். ஆற்றுப் படகுத்துறையில் வெகுநேரம் காத்திருப்பு. திரும்பிவிடலாமா என்று அங்கேயும் ஒரு தடவை.

அந்தோணி அண்ணே வீட்டு முன்னறைதான் பட்டறை. நான் போனபோது அவர் வேலை செய்துகொண்டிருந்தார். நான் எழுதிய 'ஈட்டி' இன்னும் ஒரு துண்டில் தெரிந்தது. பக்கப் பலகை வளைத்து முடிந்தது, முதுகுப் பலகை இழைத்துத் தயார். அவருக்குக் கையில் லேசாக அரிப்பு, அவ்வளவுதான். உள்ளங்கை செருப்புத் தோல்போல் காய்த்துப்போன மனிதர். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது லூர்து. எப்போதும் அந்த வேலை அவள்தான். தூளெல்லாம் முகத்தில்.

பொண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே என்றவர், தாமே காரணமும் சொன்னார். கருவாடு கொடுத்திருக்கக் கூடாது, சூடு. வீட்டுக்காரி சொன்னாள், நான் கேட்கவில்லை. இப்படித் தம்மேலேயே போட்டுக்கொண்டார். அப்புறம், வேறு பேச்சு பேச வேண்டுமென்றோ என்னவோ, முதுகுப் பலகையை எடுத்து என் காதருகே தட்டிக் காட்டினார்.

"கேளுங்க தம்பி. நான் செஞ்சதிலேயே இதுதான் நல்லா வரும்."

நல்ல சத்தம்தான். நான், இந்த மழைக்காலத்தில் வேலை வேண்டாம், மூடி வையுங்கள் என்றேன். மழைக்காலமாம். வந்த காரியத்தை விட்டு அதைச் சொன்னேன். அண்ணே வீட்டு அக்கா கோப்பி கொண்டுவந்து வைத்தார்கள். குடித்தேன்.

உள்ளறைக்கு ஒரு சேலைத் துணிதான் மறைப்பு. அதற்குப் பின்னாலிருந்து லூர்து கூப்பிட்டாள்.

"சித்தப்பா, அது என்ன மரம்?"

ஈட்டி என்றேன்.

"அதுல எழுதியிருக்கிறத நானும் படிச்சேன். நீங்க சொல்லுங்க."

துணி விலகியது. அவளே விலக்கினாள். கண் இரண்டும் கீறல்போல. கன்னத்தில் நீர்க்கொப்புளம், மேலே தேங்காயெண்ணெயும் மஞ்சளும். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம். அடையாளம் தெரியவில்லை.

"ரெங்கஸ்" என்றேன்.

"எப்பத் தெரியும்?"

"வித்த அன்னிக்கே."

இழைப்புளியை அண்ணே கீழே வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். அடித்தாலும் சரி என்று நின்றேன். அவர் முதுகுப் பலகையைக் கையிலெடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய்விட்டார். அக்கா அழுதார்கள், சத்தமில்லாமல்.

லூர்துதான் பேசினாள். "அழுது என்னம்மா. சித்தப்பா, ஆயர் தாவாருக்குப் போய் இதச் சொல்லுங்க. அவங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னா வேண்டாம். வியாதின்னு சொல்லிட்டுப் போக வேண்டாம்."

நாளைக்குப் போகிறேன் என்றேன். ராத்தங்க அவர்கள் வீட்டிலேயே பாய் போட்டார்கள். அதுவும் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 12, வியாழன்

நல்ல வெயில். ஆயர் தாவார். கையில் ரெங்கஸ் துண்டு ஒன்று, காகிதத்தில் சுற்றி.

மாப்பிள்ளையின் அப்பா சூசை, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. மரியாதையான மனிதர், நாற்காலி போட்டார். மகன் ராயப்பன் சைக்கிள் கடையில் வேலை. அன்றைக்கு வீட்டில் இருந்தான். கதவோரம் நின்றான்.

சொன்னேன். வியாதியில்லை, மரத்தூள், அது ரெங்கஸ் மரம், விற்றது நான், ஈட்டி என்று தவறாக நினைத்துவிட்டேன்.

தவறாக நினைத்துவிட்டேன். இப்படித்தான் சொன்னேன். லூர்துவிடம் சொன்னது ஒன்று, இங்கே சொன்னது ஒன்று.

கிராணி பொறுமையாகக் கேட்டார். "நீங்க அவங்களுக்கு வேண்டியவரு. பொண்ணு கலியாணம்னா யாரும் வந்து பேசத்தான் செய்வாங்க. தப்பா சொல்லல. எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்க."

நான் சட்டைக் கையை மடித்தேன். துண்டைச் சுரண்டி, தூளை ஈரப்படுத்தி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தேய்த்தேன். இருந்து பாருங்கள் என்றேன். ரொம்ப தைரியமாகச் சொன்னேன். கிராணியின் மனைவி ஐயோ வேண்டாம் என்றார்.

எனக்கு ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் தேய்த்தேன்? இந்த முறையாவது வராதா என்று ஒரு ஆசை. அது பாதி. மீதி, பார்க்க நன்றாக இருந்தது. தண்டனை வாங்கிக்கொள்கிறவன்போல.

இருந்து போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றார் கிராணி.

ஆகஸ்ட் 13, வெள்ளி

கை சுத்தமாக இருக்கிறது. ஒரு பொட்டுச் சிவப்புகூட இல்லை.

கோப்பி கொடுக்கும்போது கிராணி என் கையைப் பார்த்தார். எனக்கு மட்டும் அது பிடிப்பதில்லை, சிலருக்கு அப்படி என்றேன். சொல்லும்போதே எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "சரிங்க, பஸ் வர்ற நேரமாச்சு" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு நான் செய்யப் போனது இது. முன்னே சந்தேகம்தான் இருந்தது. இப்போது, வியாதியை மறைக்க ஆள் அனுப்பினார்கள் என்று ஆகிவிட்டது.

முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். ராயப்பன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் விட்ட துண்டு அவன் கையில். தன் மணிக்கட்டில், முழங்கையில், வெறிபிடித்தவன்போல் தேய்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் சட்டையை இழுத்துவிட்டான்.

"யாரிட்டயும் சொல்லாதீங்க" என்றான். "நான் அவங்க வீட்டு வாசல்ல நின்னேன். அந்தப் பொண்ணு உள்ளேர்ந்து பாத்திச்சு. அப்பா திரும்பினதும் நானும் திரும்பிட்டேன்."

அவனுக்கு என் வயதில் பாதி இருக்கும்.

ஈப்போ போகவில்லை. சித்தியவானுக்கே திரும்பினேன். மரியான் வீட்டில் தங்கல். அண்ணே வீட்டுக்குப் போய் என்ன சொல்வது.

ஆகஸ்ட் 15, ஞாயிறு. மாதா திருநாள்

காலையில் தூறல், பிறகு வெளுத்தது. கோயில் முழுக்கக் கூட்டம். அந்தோணி அண்ணே தனியாக வந்திருந்தார். அவர் உட்கார்ந்த பெஞ்சியில் வேறு யாரும் இல்லை. நான் பின்னால் நின்றேன். முன்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். இடம் நிறைய இருந்தது.

பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது ஆயர் தாவார் கார். கிராணி இறங்கினார். பின்னால் ராயப்பன். முகத்தைப் பார்த்து இரண்டு பெண்கள் விலகினார்கள். ஒரு கண் மூடியிருந்தது. கையைக் கண்ணில் வைத்திருப்பான். சட்டைக் கை முழங்கை வரை மடித்து, அதற்குக் கீழே கையே இல்லை, வெந்த பழம்போல் ஒரு பொருள். பார்க்க முடியவில்லை.

கிராணி நேரே அண்ணே முன்னால் போய் நின்றார். கும்பிட்டார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினார்.

"பையன் அந்த மரத்தத் தேய்ச்சுக்கிட்டு வந்து நிக்கிறான். நாங்க வாசல்லேர்ந்து திரும்பினது தப்பு. இப்ப வீட்டுக்கு வாரோம், கூட்டிட்டுப் போங்க."

அண்ணே ராயப்பனின் கையைத் தொடப் போய், தொடாமல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருக்கலாம். கிராணி என்னைக் கண்டுவிட்டார். கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்தார். இவர் அன்றைக்கு வந்து சொல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திராது, நான்தான் நம்பவில்லை, தெரியாமல் விற்றிருந்தாலும் மரத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தவர் இவர் என்றார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். நல்லவேளை ஐயா வந்தீங்க என்று ஒரு அம்மா. டிரெசர் வந்து கை குலுக்கினார்.

அண்ணே என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும் அவருக்கு. சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் கோப்பி, பலகாரம். லூர்துக்கு வீக்கம் பாதி வடிந்திருந்தது. கிராணியின் மனைவி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். ராயப்பன் எதிரே. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். லூர்து முதலில் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும், வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மூடாத கண்ணால் சிரித்தான். அடுத்த மாதம் கோயிலில் கலியாண ஓலை வாசிக்கலாம் என்று பேச்சு.

பஸ் வரைக்கும் அண்ணே கூட வந்தார். பலகைகளைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம், கித்தாரோடு சேர்த்துக் கொல்லையில் புதைத்துவிட்டேன், எரித்தால் புகையும் ஆகாது என்றார். நான் செஞ்சதிலேயே இதுதான் நல்லா வரும் என்றவர்.

பஸ் கிளம்பும்போது சொன்னார்: "தம்பி, ஒங்கள நான் காட்டிக்குடுக்கல. என் பொண்ணுக்காக. ஒங்களுக்காக இல்ல."

ஆகஸ்ட் 17, செவ்வாய்

கிடங்கு. மிச்சமிருந்த சிலிம் ரிவர் பலகைகளில் எல்லாம் 'ரெங்கஸ்' என்று எழுதி ஓரமாக அடுக்கினேன்.

எனக்கு முன்னால் கதை ஈப்போ வந்து சேர்ந்திருக்கிறது. மரியானின் பஸ்ஸில் வந்திருக்கும். விஷ மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லி ஒரு கலியாணத்தைக் காப்பாற்றினேனாம். ஆரோக்கியத்துக்கு அண்டை வீட்டார் சொல்லியிருக்கிறார்கள். பாயாசம் வைத்திருந்தாள். "நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ஆகஸ்ட் 19, வியாழன்

புழுக்கம். மழை வரவில்லை.

இரண்டு நாளாக ஆட்கள் என்னைத் தேடியே வருகிறார்கள். இன்று படக்கொட்டகை பாண்டிலிருந்து பிலிப்பீன்காரர் ஒருவர், தமிழ் தெரிந்த நண்பரோடு. பழைய கித்தாரின் கழுத்து தேய்ந்துவிட்டது, மேலே ஒட்ட ஒரு கட்டை எங்கோ வாங்கி வைத்திருக்கிறார். என்னிடம் நீட்டினார். ஞானமுத்து சொன்னால் போதும் என்று ஊரில் சொன்னார்களாம்.

வாங்கிப் பார்த்தேன். கனம். கன்னங்கறுப்பு, இழை தெரியாத நெருக்கம். ஓரத்தை நகத்தால் கீறினேன். முனையைப் பார்த்தேன், இரண்டு முனையும். வெளிச்சத்தில் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். கருங்காலி. சந்தேகமே கிடையாது. குழந்தைகூடச் சொல்லும்.

கருங்காலிதானே என்று நண்பர் கேட்டார். இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயில் வரவில்லை. வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள் என்று கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.